ஒரு பக்க வலி

“தட்டு மாத்துற வரைக்கும் வாயத் தொறந்துராத தாயி,” என்று மகளின் காதில் சொல்லிவிட்டு, சின்னத்தாய் அவள் தலையில் பூவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் செருகினாள்.

திறக்க நினைத்தாலும் அன்னக்கொடியால் முடியாது. தொண்டையின் வலது பக்கத்தில் முள் தைத்தாற்போல் தொடங்கிய வலி இப்போது காதுவரை ஏறியிருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. கழுத்தைத் திருப்பினால் கண்ணில் நீர் முட்டியது. தலை அந்தப் பக்கமாகவே சாய்ந்து நின்றது.

உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கழுத்தில் பூசி, காய்ந்ததும் துடைத்துவிட்டு அதன்மேல் பவுடரும் போட்டாயிற்று. டாக்டரிடம் போகலாம் என்று அவள் அப்பன் பேயாண்டி நேற்றே சொன்னான். சின்னத்தாய்தான் விடவில்லை.

“பரிசம் போட வாரவுக முன்னாடி நோய்க்காரப் புள்ளன்னு பேரு வாங்கித் தரப் போறீகளா? நாளைக்கு ஒரு பொழுதுதேன். பெறகு எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் தூக்கிட்டுப் போங்க.”

மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வாடகைப் பிளசர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை மருது சொந்தமாக லாரி வைத்து ஓட்டுபவன். அவன் தாய் ராமக்காளுக்குப் பெண்ணின் சாய்ந்த தலையைப் பார்த்ததுமே மனம் நிறைந்துவிட்டது.

“இந்தக் காலத்துல இம்புட்டு வெக்கமா! எங்க வீட்டுல ரேடியோவ அமத்துனாலும் பொம்பளைக அமர மாட்டாளுக,” என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

ஊர்ப் பெரியவர் கருத்தக்கண்ணன் வெற்றிலைத் தட்டை நடுவில் நகர்த்தினார்.

“ஏத்தா, சபையறியக் கேக்குறேன். மருதுவக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?”

அந்தப் பக்கத்து வழக்கப்படி இதற்குப் பெண் பதில் பேசுவதில்லை. குனிந்த தலையும் மூடிய வாயும்தான் சம்மதம். அன்னக்கொடி வலியோடு தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். உதட்டை அசைத்துப் பார்த்தாள்.

“போதும்த்தா, குனிஞ்சுக்க. சபைக்குப் புரிஞ்சிருச்சு,” என்றார் பெரியவர். தட்டு மாறியது. குலவைச் சத்தம் எழுந்தது. சின்னத்தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ராமக்காள் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்தாள். “ஆ காட்டு தாயி.”

பல் விலகவில்லை. சர்க்கரை உதட்டில் ஒட்டி, எச்சிலோடு கலந்து, கடைவாய் வழியாகப் புதுப்புடவையில் வழிந்தது.

“என்ன மதினி, புள்ளைக்குப் பேச்சு வருமா வராதா?”

“வெக்கந்தேன் மதினி…”

“வெக்கத்துல எச்சி ஒழுகுமா?”

அன்னக்கொடி மூச்சு இழுக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சின்னத்தாய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போகப் பார்த்தாள்.

மருது எழுந்தான். “ஞாயத்தப் பெறகு பேசிக்கிடலாம். புள்ள மூச்சுக்குத் தவிக்குது. பிளசர எடுங்கப்பா.”

காரில் இரண்டு தாய்மாருக்கும் நடுவில் அன்னக்கொடி அசைய இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி ஏசினாள். முழுங்க முடியாத எச்சிலை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, முன்சீட்டில் இருந்த மருதுவின் பிடரியையே மதுரை வரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்யாமளா விளக்கைப் பிடித்து, பல் இடுக்கில் தெரிந்த அளவுக்குப் பார்த்தாள்.

“எத்தனை நாளா இப்படி?”

“காலையிலதேன் அம்மா…” என்று தொடங்கிய சின்னத்தாய், டாக்டர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

“ரெண்டு பக்கமும் லேசா வலிச்சா சளி, ஜுரம்னு ஒண்ணு ரெண்டு நாள் பொறுக்கலாம். ஒரே பக்கமாக் குத்தி, காதுக்கு இழுத்து, எச்சில் முழுங்க முடியாம, வாயும் திறக்கலைன்னா அன்னைக்கே ஓடி வரணும்மா. உள்ளே சீழ் கட்டியிருக்கு. இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தா மூச்சை அடைச்சிருக்கும்.”

மரத்துப்போக மருந்து அடித்து, கிடைத்த இடுக்கு வழியாகவே டாக்டர் கீறிவிட்டாள். கிண்ணத்தில் சீழும் ரத்தமுமாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அன்னக்கொடியின் தாடை மெல்ல இளகியது. ஊசி போட்டு, படுக்கையில் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

சின்னத்தாய் மருதுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மறைச்சது என் தப்புத்தேன் மாப்ள. பரிசத்த மட்டும் திருப்பிக் கேட்டுறாதீக. எம் மக வாழ்க்கையே போயிரும்.”

“நோவு வந்துச்சுன்னு பொண்ண வேணாம்பாகளா அத்தை? போட்ட பரிசம் போட்டதுதேன்,” என்றான் மருது. ராமக்காளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நானும் என்னமோ வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்,” என்றாள். சின்னத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

“எங்கே, பேசிப் பாரு,” என்றாள் டாக்டர்.

அன்னக்கொடி வாயை மெல்லத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு மருதுவை நிமிர்ந்து பார்த்தாள். குரல் கரகரத்தது.

“சபையில சொல்ல முடியலண்ணே. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”