மூன்றாம் பக்கம்

"கரெண்ட் பில்லை மட்டும் காட்டுங்க அங்கிள். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதைத்தான் காட்ட மாட்டேன். உள்ள வா, உட்காரு. ஏன் காட்ட மாட்டேன்னு சொல்றேன்."

மாதவ் தயங்கினான். மன்ஹாட்டனுக்குப் பக்கத்து ஊரான எடிசனில் காலையிலிருந்து இருபத்திரண்டு கதவுகளைத் தட்டியிருந்தான். ராமசுப்ரமணியன்தான் முதலில் உள்ளே கூப்பிட்டவர். பனியில் நனைந்த ஷூவை வாசலில் கழற்றிவிட்டு நுழைந்தான்.

வீட்டுக்குள்ளும் குளிர்தான். சோபாவில் அவர் மனைவி ஷ்யாமளா ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாப்பா?"

"பரவால்ல ஆன்ட்டி."

"அப்போ சாப்பிடல" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ராமசுப்ரமணியன் மாதவின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "பிரைட் மேப்பிள் எனர்ஜி. பேரெல்லாம் நல்லாத்தான் வெக்கறீங்க. நீ கரெண்ட் கம்பெனியா?"

"அவங்களோட சேர்ந்து வேலை செய்யறோம் அங்கிள்."

"நான்கூடத்தான் மன்ஹாட்டன்ல ஒரு பேங்க்கோட சேர்ந்து வேலை செய்யறேன். பேங்க் என்னுதாயிடுமா? கம்பி அவங்களுது, மீட்டர் அவங்களுது. நடுவுல பூந்து ரேட் போடற ஆள் நீ. சரியா?"

"சரிதான் அங்கிள்."

"முதல் மூணு மாசம் சீப். அப்புறம்?"

"மார்க்கெட்டைப் பொறுத்து..."

"எவ்வளவு வரைக்கும் ஏறும்?"

"அது ஃபார்ம்ல போடல அங்கிள்."

"போட மாட்டீங்க. இந்த அபார்ட்மெண்ட்ல நாப்பது தமிழ்க் குடும்பம். யார் வந்து கேட்டாலும் பில்லைக் காட்டாதீங்க, அவங்க ரேட்டுக்கு மாத்திடுவாங்கன்னு வாட்ஸ்அப்ல வாரா வாரம் போடறேன். அப்பவும் எட்டாம் நம்பர் முகுந்த் ஏமாந்துட்டான். ரெண்டு மாஸ்டர்ஸ் பண்ணினவன். என்ன பிரயோஜனம்?"

ஷ்யாமளா ஆவி பறக்கும் சாதமும் வத்தக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மாதவ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு கையெழுத்தாவது வாங்கலைன்னா நாளைக்கு வராதேன்னுட்டார் மேனேஜர்" என்றான், தட்டைப் பார்த்தபடி.

"பாவம்ங்க" என்றாள் ஷ்யாமளா.

"நம்ம பாவத்தை யார் பார்க்கறது? இந்த வருஷம் பில் டபுள் ஆகியிருக்கு. எல்லாம் உன் ஹீட்டரால."

"போன டிசம்பர்லயும் இதே ஹீட்டர்தானே ஓடிச்சு? அப்போ ஏன் ஏறல? சம்மர்ல ஏசின்னீங்க, இப்போ ஹீட்டர்ங்கறீங்க. ஹீட்டரை நிறுத்தி மூணு வாரமாச்சு, முட்டியை மடக்க முடியல."

"அப்போ கிரைண்டரா இருக்கும்."

"வாரத்துக்கு ஒரு நாள் மாவு அரைக்கறதுக்கா?"

"எனக்குத் தெரியும் ஷ்யாமளா."

சண்டையின் நடுவே உட்கார்ந்திருப்பது மாதவுக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றினான். "சாதம் உதிரி உதிரியா சூப்பரா இருக்கு ஆன்ட்டி."

"ஓசி அரிசிப்பா. பொங்கலப்போ ஓக் ட்ரீ ரோட்ல கடை வாசல்ல ஏதோ லக்கி டிரா. இருபது பவுண்டு மூட்டை இவருக்கு விழுந்தது. பழசானாத்தான் நல்லா இருக்கும்னு எடுத்து வெச்சிருந்தேன், இந்த வாரம்தான் பிரிச்சேன்."

"ஓசியிலும் எது நல்ல ஓசி, எது கெட்ட ஓசின்னு தெரியணும்" என்றார் ராமசுப்ரமணியன். பிறகு எழுந்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்த பில்லை எடுத்துவந்தார்.

"இப்போ பாரு. என் கையிலயே பிடிச்சுக்கறேன், நீ தொடக்கூடாது. இதுல நீ எவ்வளவு குறைப்பே, சொல்லு."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார். மாதவ் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான். மூன்றாம் பக்கம் வந்தபோது அவன் கை தட்டிலேயே நின்றது. பில்லைப் பார்த்தான். சால்வைக்குள் சுருண்டிருந்த ஷ்யாமளாவைப் பார்த்தான்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"உங்களுக்கு விக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல அங்கிள்."

"பார்த்தியா ஷ்யாமளா? இவனே ஒத்துக்கறான்."

மாதவ் கை கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஷூ மாட்டக் குனிந்தவன், நிமிராமலே சொன்னான். "அங்கிள், அந்த மூணாவது பக்கத்தை மட்டும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

"பில் படிக்க எனக்கு நீ கத்துக்குடுக்கறியா? முதல் பக்கத்துல எவ்வளவு கட்டணும்னு இருக்கு, கட்டறேன். மிச்சமெல்லாம் பேப்பர் வேஸ்ட். போயிட்டு வா தம்பி. வேற நல்ல வேலையா தேடிக்கோ."

கதவு மூடியது. உள்ளே ராமசுப்ரமணியன் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்வது வெளியே கேட்டது: "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கும் ஒருத்தன் வந்தான். பேச விட்டுத் திருப்பி அனுப்பிட்டேன்."

மாடிப்படி இறங்கும்போது மாதவின் போன் அடித்தது. மேனேஜர் நஞ்சுண்டன்.

"ஒண்ணாவது மாட்டிச்சா?"

"இல்ல சார். இப்போ பார்த்த வீட்ல மாட்ட வைக்க முடியாது. பொங்கலப்போ லக்கி டிரான்னு சொல்லி அரிசி மூட்டை குடுத்து, நம்ம கம்பெனிக்கு மாற ஃபார்ம்ல கையெழுத்தும் போன்ல யெஸ்ஸும் வாங்கினோமே, அந்த லிஸ்ட்ல இருக்கார். பதினோரு மாசமா நம்ம கஸ்டமர்."

நஞ்சுண்டன் கொஞ்சம் பதறினார். "கண்டுபிடிச்சுட்டாரா?"

"இல்ல சார். மூணாவது பக்கத்துல நம்ம பேர் பெரிசாத்தான் இருக்கு, படிங்கன்னா கோவிச்சுக்கறார்" என்ற மாதவ், மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆனா நம்ம அரிசி நல்லாத்தான் இருக்கு சார்."