பதினேழாம் நம்பர் தகடு

"செத்தவன் பேரை வெச்சு விளையாடுறது எவன்னு நாளைக் காலைல எனக்குத் தெரியணும் மரியராஜ். மேலிடத்துக்கு ஒரு பேர் போயாகணும். இல்லேன்னா உன் பேர்தான் போகும்."

மேனேஜர் சாதிக் பாட்ஷா இதை நாற்பது பேர் முன்னால் வைத்துச் சொன்னார். பக்கத்தில் வெள்ளைக்கார இன்ஜினியர் வேறு.

ஃபோர்மேன் மரியராஜின் மகள் ஷாஜினி ஊரில் நர்சிங் இரண்டாம் வருஷம். பெயர் போனால் மறுநாளே விமான டிக்கெட்தான்.

ஷார்ஜாவை ஒட்டிய அந்த யார்டில் அவர்கள் செய்வது, இங்கிலாந்துக் கடலில் நடுகிற மின்சாரக் காற்றாடிகளுக்குக் கால். ஒவ்வொன்றும் ஒரு பஸ் நுழைகிற அகலத்துக்கு இரும்புக் குழாய். வேலை முடிந்ததும் துரு ஏறாமலிருக்க உள்ளே கேஸ் நிரப்பி மூடிவிடுவார்கள். அந்தக் கேஸில் மாட்டினால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது.

அதனால் உள்ளே போகிறவன் தன் நம்பர் தகட்டை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஒரே ஒரு தகடு தொங்கினாலும் உள்ளே போய்த் தேடாமல் மூடக்கூடாது. வெள்ளைக்காரன் போட்ட விதி அது, யாரும் தொட முடியாது. பலகை காலியாக இருந்தாலும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு மூடுவது இவர்களாக வைத்திருந்த வழக்கம். அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

அங்கேதான் இங்கிலாந்து எலெக்‌ஷன் வந்து குறுக்கே விழுந்தது.

காற்றாடி கரண்டால்தான் பில் எகிறுகிறது, நான் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவேன் என்றார் ஒரு தலைவர். நிறுத்தினால்தான் செலவு என்றார் இன்னொருவர். ஓட்டுப் போடுகிறவர்களைவிட நம்மாட்களுக்கு ஆவேசம் அதிகம். பில் கட்டுகிறவனுக்குத்தானே வலி தெரியும் என்று வைரவன் ஒரு கட்சி. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போடாதே என்று சுபின் இன்னொரு கட்சி. சொந்த ஊர் எம்.எல்.ஏ. யாரென்று கேட்டால் இரண்டு பேரும் முழிப்பார்கள்.

எது எப்படியோ, ஓட்டுக்கு முன்னால் சரக்கு கப்பல் ஏறியாக வேண்டும், செலவைக் குறை, நேரத்தைக் குறை என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். முதலில் போனது அந்த அரை மணி நேரம். பலகை காலியா, வாசலில் நின்று ஒரு சத்தம் கொடு, மூடு என்று அறிவித்தவர் சாதிக் பாட்ஷாதான்.

அப்படி மூடிய ஒரு நாளில், வெல்டர் பொன்னுச்சாமி மறந்து வைத்த கையுறையை எடுக்கத் திரும்ப உள்ளே போனான். ஒரு நிமிஷத்துக்கு எதுக்குத் தகடு என்று நினைத்திருப்பான், பாவி. தகடு சட்டைப்பையிலேயே இருந்தது. வாசலில் நின்று சத்தம் கொடுத்தது மரியராஜ். மெஷின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. மூடச் சொன்னதும் மரியராஜ்தான்.

அவன் சவப்பெட்டி ஊருக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. இப்போது நாலு நாளாக, காலையில் வந்து பார்த்தால் பலகையில் தகடு. நம்பர் பதினேழு. பொன்னுச்சாமியின் நம்பர்.

விதிப்படி உள்ளே போய்த் தேடிவிட்டு, கழற்றி ஆபீசில் கொடுத்தால் மறுநாள் மறுபடியும் தொங்கியது. அன்றைக்கு மாட்டாததை இப்போது வந்து மாட்டுகிறான் என்று ஆட்கள் கிசுகிசுத்தார்கள். காற்றடித்தால் குழாய்க்குள் யாரோ மூச்சு இழுப்பது போலக் கேட்கும். முன்பும் கேட்டதுதான், இப்போதுதான் எல்லோர் காதிலும் விழுந்தது. ரோலா கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கொரு டார்ச் வாங்கி வந்தார்கள்.

அது யாரைத் தேடி வருகிறதென்று மரியராஜுக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலை பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்ததும் போய் குழாய்க்குப் பின்னால் நின்றார். புழுதிக்காற்றில் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. உள்ளே அந்த மூச்சு. ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையாக ஒன்று வந்தது. பலகையருகே நின்றது. 'டிங்' என்று தகடு ஆணியில் விழுந்து தொங்கியது.

மரியராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "மக்கா பொன்னுச்சாமி, தெரியாம மூடிட்டேன்லே. என்னை விட்டுரு."

உருவம் திரும்பியது. வெள்ளை ஜிப்பா, தலையில் தொழுகைத் தொப்பி. சாதிக் பாட்ஷா.

"சார், நீங்களா?"

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு மேலிடத்துக்கு மூணு தடவை எழுதிக் கேட்டேன். செலவு கட்டாதுன்னுட்டாங்க. தகடு தொங்கினா உள்ளே போய்த்தான் ஆகணும், அதை ஒருத்தனும் தடுக்க முடியாது." பலகையைக் காட்டினார். "முந்தாநாள் அப்படித் தேடப் போய்த்தானே, மயங்கிக் கிடந்த சுபினைத் தூக்கிட்டு வந்தீங்க. அவன் தகடு மாட்டியிருந்தானா?"

சுபினும் மாட்டியிருக்கவில்லை.

"அப்பம் நேத்து எதுக்கு சார் அப்படிச் சத்தம் போட்டீங்க?"

"இன்ஜினியர் நிக்கிறார். நான் கத்தலேன்னா என் மேலதான் சந்தேகம் வரும். பரவாயில்லை, நீ என் பேரைச் சொல்லிடு. உனக்குப் பொண்ணு படிக்கிறா."

ஆறு மணிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். இன்ஜினியர் பேனாவும் பேப்பருமாக வந்திருந்தார். எதுவுமே நடக்காதது போல சாதிக் பாட்ஷா கேட்டார், ஆளைக் கண்டுபிடித்தாயா என்று.

மரியராஜ் முன்னால் வந்தார். ஷாஜினி முகம் ஒரு நொடி வந்து போனது.

"பாத்தேன் சார். பொன்னுச்சாமியேதான். கடைசி ஆள் வெளியே வர்றது வரைக்கும் தினமும் வருவேன்னு சொல்லிட்டுப் போனான்."