எக்ஸ்பயர்ட்

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எரிக்க எடுத்துப்போக வேண்டிய குழாய்களின் பட்டியலை என் மென்பொருள் அச்சடித்துத் தந்தது. நாற்பத்தொன்று.

வழக்கமாக வாரத்துக்கு இரண்டோ மூன்றோதான் வரும்.

ஹூஸ்டனில் உள்ள எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில், புற்றுநோயாளிகள் கொடுத்த ரத்தமும் திசுவும் சின்னச் சின்னக் குழாய்களில் மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்திருக்கின்றன. எது எந்தப் பெட்டியில் இருக்கிறது, யார் கொடுத்தது, எதுவரை வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குத்தான் தெரியும். காலம் கடந்த குழாயை எக்ஸ்பயர்ட் என்று குறித்து எரிக்க அனுப்பிவிடும்.

நாற்பத்தொன்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடக் காலம் கடந்ததில்லை.

கொடுத்தவர்கள்தான் இறந்திருந்தார்கள். எரித்துவிட்டால் மறுபடி யாரிடம் போய்க் கேட்பது.

மணி பத்து.

காமாக்ஷி ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கொடுத்தவர்களின் வீடுகளுக்கு போன் செய்து எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிவைப்பது அவர் வேலை. நோட்டுப் புத்தகத்தில் இருந்த இரண்டு வருடக் குறிப்புகளைப் போன வாரம்தான் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்திருந்தார்.

பட்டியலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“டெட்னு டைப் பண்ண மனசு வரலைப்பா. நம்ம ஊர் பேப்பர்ல எக்ஸ்பயர்ட்னுதானே போடுவா?”

அப்படித்தான் போடுவார்கள். போன வருடம் மேனேஜருக்கு எழுதிய மெயிலில் நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதினேன்.

இத்தனை பேரையும் நானே குப்பையில் போடப் பார்த்தேனே என்று அழுதார். தவறு என்னுடையது என்றேன். அந்தச் சொல் எங்கே வந்தாலும் குழாயைத் தள்ளிவிடச் சொல்லி எழுதியவன் நான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். பட்டியலில் பெயர்கள் வராது, எண்கள் மட்டும்தான். அவர் வாசித்தார், நான் மாற்றினேன். அவர் மூக்கை உறிஞ்சும்போதெல்லாம் ஒரு எண் தவறிப்போய், மறுபடி வாசித்தார்.

பதினொன்றே முக்காலுக்குப் பட்டியல் காலியானது. எரிக்க எடுத்துப்போகும் வண்டி வந்து வெறுமனே திரும்பியது.

ஆன்ட்டி முகம் கழுவப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்திரண்டு வந்திருக்க வேண்டும்.

ஒரு எண் எனக்கு மனப்பாடம். அதை அடித்தேன்.

ஹம்சாவின் எண். என் மனைவி. இறந்து பதினான்கு மாதமாகிறது.

நிலை: உயிருடன்.

அதன் கீழே, ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு போன் செய்த இரண்டு தேதிகள். இரண்டும் அவள் போன பிறகு. இரண்டும் எனக்கு நினைவிருக்கிறது. முதல் தடவை மோர்க்குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னார். அடுத்த தடவை வாழைக்காய்ப் பொடிமாஸ். வந்து எடுத்துக்கொண்டு போ என்றதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

இரண்டு தேதிகளுக்கும் எதிரே ஒரே குறிப்புதான் இருந்தது.

கணவரிடம் பேசினேன். மாற்றம் இல்லை.