ஈரத் துண்டு

"உன் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுப்பார்?" நோட்டைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள்.

"ஜன்னல் பக்கம்."

"குறட்டை?"

"உண்டு. ஆனா ஒத்துக்க மாட்டார்."

"அதையும் சேர்த்துச் சொல்லு. அப்பதான் நம்புவாங்க."

எதிரே உட்கார்ந்திருந்தவளின் கணவனுக்கு நாளை குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணல். இந்த வெளிநாட்டில் நிரந்தரமாக வசிப்பதற்கான கோப்பு இன்னும் முடியவில்லை. கல்யாணம் நிஜம்தானா என்று விசாரிப்பார்களாம். மனைவியைத் தனி அறையில் வைத்துத் துருவுவார்களாம். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"குளிச்சுட்டு ஈரத் துண்டை எங்க போடுவார்?"

"கொடியில."

"தப்பு. கட்டில் மேல."

"இல்லக்கா, கொடியிலதான் போடறார்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நோட்டில் ஒரு வரியை அடித்துத் திருத்தினாள்.

"உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசுக்கா!"

"மனசாவது, மண்ணாங்கட்டியாவது! அவரைத் திருப்பி அனுப்பிட்டா, சனி ஞாயிறு என் பசங்களை யார் பாத்துப்பா? கோர்ட்டு அந்த ரெண்டு நாளை அவர் தலையிலதானே கட்டியிருக்கு? போன தடவை மனைவின்னு அந்த ரூம்ல உக்காந்தவ நான். ஃபைல் நகரறதுக்குள்ள விவாகரத்து வந்துடுச்சு."

அக்கா நோட்டை மூடினாள்.

"கடைசியா ஒண்ணு. இதை ஆபீசர் கேக்க மாட்டார். ஒன்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். அந்தத் துண்டு கட்டிலை விட்டு நகரலை. நீ என்ன பண்ணினே?"

அவள் தயங்கினாள்.

"ஒரு தடவை சொன்னேன்க்கா."