நாலு கோரா, ஆறு கோரா?

"கேம் விளையாடற கம்ப்யூட்டருக்கு உங்க பட்ஜெட்ல நாலு கோர் ப்ராசஸர்தான் சார் கட்டுப்படியாகும்" என்றார் கடைக்காரர்.

"கேம் நடுவுல நின்னுடாதுல்ல?"

"எப்பவாவது லேசா திக்கும்."

நரைத்த மீசைக்காரருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, வேண்டாங்க. திக்கினா டீமை விட்டே தூக்கிடுவாங்க. கலர் லைட்டு, கண்ணாடிப் பெட்டி எதுவும் வேண்டாம். அந்தக் காசுல ஆறு கோரே போட்டுடுங்க."

'பையனுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். "பையனையே கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்?"

"அவனுக்குத் தெரியவே கூடாது." சொல்லும்போதே வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"சர்ப்ரைஸா? அப்ப நல்ல மைக்கா ஒண்ணு சேத்துடறேன்."

"மைக்கா?" அவர் அவசரமாகக் கையசைத்து மறுத்தார். "வேண்டவே வேண்டாங்க."

"மைக் இல்லாம பையன் எப்படி சார் டீம்ல பேசுவான்?"

"அவன்கிட்ட எல்லாம் இருக்கு. இது எனக்கு." மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன். வேற பேர்ல அவன் டீம்ல சேந்திருக்கேன். போன வாரம் என் பழைய கம்ப்யூட்டர் திக்கினப்ப, 'யாருடா இந்த ஆமை'ன்னு திட்டினான். மூணு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் என்கிட்ட பேசியிருக்கான்."

கடைக்காரர் எடுத்த மைக்கைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தார்.

"என் குரலைக் கேட்டா, அங்கேருந்தும் போயிடுவான்."