முப்பத்தி நாலாவது தலைமுறை

"உங்க மெஷின் நிக்கவே மாட்டேங்குதும்மா. பதினோராவது தலைமுறைக்குப் போயிடுச்சு. இங்க கறி ஆறுது."

போனில் பேசியவள் ஷிம்கென்ட் நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் தலைமைச் சமையல்காரி குல்பர்ஷின். மறுமுனையில் சல்தனத். மண்டபத்துக்காக வாழ்த்து சொல்லும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாவது மாதம் உண்டா இல்லையா என்பது இன்றைய கல்யாணத்தைப் பொறுத்தது.

"பதினொண்ணா? மூணோட நிக்கணுமே அக்கா."

"நான் சமையல்கட்டுல இருக்கேன். ஸ்பீக்கர்ல கேக்குறதைச் சொல்றேன். பிள்ளைங்களோட பிள்ளைங்களோட பிள்ளைங்கன்னு போய்க்கிட்டே இருக்கு. வாழ்த்து முடியாம பெஷ்பர்மக் கறித் தட்டை உள்ள கொண்டுபோக முடியாது. நானூறு தட்டு. கொழுப்பு உறைஞ்சு வெள்ளையா நிக்குது."

"அப்படியே அணைச்சுடவா?"

"ஆசியைப் பாதியில வெட்டுனா, பொண்ணு வீட்டுக்காரங்க என்னை வெட்டிடுவாங்க. முறையா முடிய வை."

சல்தனத் தன் அலுவலகக் கணினிப் பக்கம் திரும்பினாள்.

விஷயம் சின்னதுதான். 'இவர்கள் பெறும் பிள்ளைகள் இன்னது போல் வாழட்டும்' என்று ஓர் அச்சு வாக்கியம். 'இன்னது' இருக்கும் இடத்தில் குதிரை, மலை, பாப்லர் மரம் என்று ஏதாவது வந்து உட்காரும். பிறகு அந்த வாழ்த்து தன்னைத்தானே மறுபடி கூப்பிட்டு, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் வாழ்த்தும். மூன்று தலைமுறை ஆனதும் நின்றுவிடும். பெரிய மனுஷர் ஒருவர் பேசுவதுபோல் ஓர் ஆண் குரலையும் வைத்திருந்தாள்.

இங்கே ஓட்டிப் பார்த்தாள். மூன்றோடு சமர்த்தாக நின்றது.

பக்கத்து மேஜை எர்பொலாத் எட்டிப் பார்த்தான். "தன்னைத்தானே கூப்பிட்டுக்கிற புரோகிராமுக்கெல்லாம் மாமியார் மாதிரி ஒருத்தர் வேணும். 'போதும், உட்காரு'ன்னு சொல்றதுக்கு."

"வாயை மூடிட்டு இதைப் பாரு."

"தலைமுறையை எண்ணுறது ஒவ்வொரு தடவை உள்ள போகும்போதும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குதோ என்னவோ."

அப்படித் தெரியவில்லை. ஆனாலும் அந்த எண்ணிக்கையை ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, மண்டபத்து மெஷினை இங்கிருந்தே முதலிலிருந்து ஓட விட்டாள்.

போன் வந்தது. "நின்னுச்சு. தட்டைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டோம். மறுபடி முதல் தலைமுறையில இருந்து ஆரம்பிச்சுடுச்சு."

"நான்தான் ஆரம்பிச்சேன் அக்கா. இப்ப மூணோட நிக்கும் பாருங்க."

கால் மணி நேரம் கழித்து மறுபடி போன். "பத்தொன்பது."

சல்தனத் எழுதியதை மேலிருந்து கீழே படித்தாள். வார்த்தைப் பட்டியலில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. குதிரையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். மறுபடி முதலிலிருந்து ஓட விட்டாள்.

இந்த முறை குல்பர்ஷின் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "முப்பத்தி நாலு. ஒட்டகம் மாதிரி வாழட்டும், கழுகு மாதிரி வாழட்டும், டிராக்டர் மாதிரி வாழட்டும்னு..."

"டிராக்டரா? குதிரையைத் தவிர எல்லாத்தையும் அழிச்சுட்டேன். டிராக்டர்னு நான் எழுதவே இல்லையே."

"தானாவே கத்துக்கிச்சு போல," என்றான் எர்பொலாத். "நாளைக்கு உன் நாற்காலியில அது உட்கார்ந்திருக்கும்."

சல்தனத் போன் பக்கம் திரும்பினாள். "அக்கா, கொஞ்சம் உள்ள போய் மெஷின்ல என்ன விளக்கு எரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்," என்றாள். குல்பர்ஷின் திரும்பி வருவதற்குள் சல்தனத்துக்கு மனது கேட்கவில்லை. எழுதியதை எல்லாம் பழையபடி மாற்றிவிட்டு, நான்காவது முறையாக ஓட விட்டாள்.

குல்பர்ஷின் மூச்சு வாங்க வந்து போனை எடுத்தாள்.

"சிவப்பா, பச்சையா அக்கா?"

"பச்சைதான். உன் மெஷின் ஒவ்வொரு தடவையும் மூணோட ஒழுங்காத்தான் நிக்குது. அதுக்கப்புறம் பேசுறது பொண்ணோட தாய்மாமன். ஒரு பெட்டிகிட்ட தோத்துட்டுப் போனான்னு ஊர் பேசக் கூடாதாம். இப்பதான் களைச்சுப்போய் நாற்காலியில உட்கார்ந்தார், நீ மறுபடி போட்டு விட்டுட்டே. மனுஷன் எழுந்து மைக்கைப் பிடுங்கிட்டார். உனக்குப் புண்ணியமாப் போகும், ரிப்பேர் பண்றதை நிறுத்தும்மா."