இரண்டு எஞ்சினுக்கு இரண்டு பைப்பு

"ஒரே டேங்க், ஒரே பைப்பு, நடுவுல பிரிச்சிவுட ஒரு டீ ஜாயிண்ட்டு. ரெண்டு மிஷினும் ஓடிடும்டா. இன்னாத்துக்கு இழுத்துக்கினு கீற?" என்று கத்தினேன்.

ஜான்சன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செய்யாறு கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் புகுந்திருந்தது. அந்தப் பக்கம், வயல் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததால் மோட்டார் கொட்டகை மாடியில் ஏறிக்கொண்ட என் மனைவி கனகா. ஒன்பதாம் மாதம். கடைசியாகப் போனில் பேசும்போது தண்ணீர் பாதிப் படிக்கு ஏறிவிட்டது என்று அழுதாள். உத்திரமேரூர் சாலை துண்டாகிவிட்டதால் வெளியிலிருந்து யாரும் வர வழியில்லை.

ஊரில் இருந்தது ஒரே படகு. முந்தைய வெள்ளத்தின்போது யாரோ கொடுத்துவிட்டுப் போனது. பின்னால் இரண்டு எஞ்சின். பெட்ரோல் போகும் பைப்பு முழுவதையும் எலி கடித்துவைத்திருந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவன், காசிமேட்டில் எட்டு வருஷம் படகு எஞ்சினோடு கிடந்த ஜான்சன் மட்டும்தான்.

என் போதாத காலம். ஆடி மாதம் அவன் அப்பாவின் சவத்தை எங்கள் வரப்பு வழியாகத் தூக்கிப்போக விடாமல் மறித்தவன் நான்.

ஆனாலும் கூப்பிட்டதும் பைப்பும் கேனுமாக வந்துவிட்டான். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்ததும் ஒன்றுதான் கேட்டான்.

"எத்தினி பேரு கீறாங்க?"

ஒருத்திதான் என்றேன்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி டேங்க் வைத்தான், தனி பைப்பு வெட்டினான். பைப்பின் நடுவில் பெட்ரோலை இழுத்துக்கொடுக்கும் ரப்பர் உருண்டை கல்லாகிறதா என்று அமுக்கிப் பார்த்தான். எங்கோ காற்று கசிந்தது. கழற்றி, மறுபடி முதலிலிருந்து மாட்டினான். அங்கே என் பெண்டாட்டி சாகட்டும் என்றுதான் ஆற அமரச் செய்கிறான் என்று எனக்குப் பட்டது.

நான் கொண்டுபோயிருந்தது மருந்தடிக்கும் மிஷினுக்கு வைத்திருந்த பெட்ரோல். கேனின் மூடி தொலைந்ததால் அதன் வாயில் பிளாஸ்டிக் கவரைக் கட்டியிருந்தேன். அவன் கவரைப் பார்த்தான். மோந்து பார்த்தான். இடது டேங்கில் மட்டும் ஊற்றினான். வலதுக்கு அவன் கேனிலிருந்து. அதில் இருந்தது ஒரு எஞ்சினுக்குத்தான் காணும்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடலாம் என்று போனேன். கையைத் தட்டிவிட்டான்.

"ஒண்ணு நின்னுபூட்டாலும் இன்னொண்ணு ஓடணும்."

என் பெட்ரோலை அவன் பெட்ரோலோடு சேரவிட மாட்டானாம். காலனிக்காரனுக்கு வந்த திமிரைப் பார். வேறு நாளாக இருந்தால் அறைந்திருப்பேன்.

நடு வெள்ளத்தில் இடது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மழைத்தண்ணீர். என் கேனில்தான்.

படகு பக்கவாட்டில் திரும்பி மரங்களை நோக்கி இழுத்துக்கொண்டு போனது. வலது எஞ்சினை முறுக்கி அதை நேராக்கினான். நான் சொன்னபடி ஒரே பைப்பு போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே நின்றிருக்கும். அவன் மரங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மாடியில் கனகா மேரியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் அம்முலு, தன் புடவைத் தலைப்பைக் கனகாவுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு. இரண்டு பேரும் ஜான்சன் தெருப் பெண்கள். வரப்பு வெட்டித் தண்ணீர் வடிக்கக் காலையில் நான்தான் கூட்டிவந்து விட்டேன்.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சத்தியமாக, அவன் கேட்டபோது அவர்கள் என் ஞாபகத்திலேயே இல்லை.

ஜான்சன் அவர்களைப் பார்த்தான். அப்புறம் என்னை.

"ஒத்த மிஷினு. இந்த இழுப்புக்கு என்னியத் தவுர மூணு பேருக்கு மேல தாங்காது. எறங்குங்க."

மாடியில் இறங்கினேன்.

மேரியும் அம்முலுவும் கனகாவைத் தாங்கிப் படகில் ஏற்றினார்கள். கனகா கண்ணுக்கு மறையும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள். ஜான்சன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

திரும்பி வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது தண்ணீர் கடைசிப் படியில் நிற்கிறது. வலது டேங்கில் இன்னொரு நடைக்குப் பெட்ரோல் இருக்குமா, தெரியவில்லை. இருந்தாலும் வருவானா என்பதுதான் கேள்வி.

அவன் இடத்தில் நானாக இருந்தால் வரமாட்டேன்.